அம்மனிடம் பத்து, டாக்டரிடம் மூன்று

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் பஸ் ஏறிப் போன பிறகு அப்பா படுக்கப் போய்விட்டார். நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா, வெச்சிடட்டா" என்று முடித்துவிடுவாய். எனக்கும் பேச்சு கத்திரிக்காய், கரண்ட் பில் என்று எங்கேயாவது ஓடிவிடும். அதனால் அன்றைக்கே பேனாவை எடுத்தேன், நாலு வரி எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்று செவ்வாய். முப்பத்தோரு வருஷம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மற்றவர்கள் எழுதி வந்ததைப் படித்தே ஓய்வு பெற்றவள் நான். என் சொந்த விஷயத்தை உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னாய்: "உனக்கு வந்ததுதாம்மா எனக்கும். தோல் எடுத்து டெஸ்ட் பண்ணிட்டாங்க. பயப்படாத, எனக்கு கம்மிதான்." அரிப்பு எரிச்சல் எப்படி என்று கேட்டேன். "டாக்டரம்மா பத்துக்கு எத்தினின்னு கேட்டாங்க. ரெண்டுன்னு சொன்னேன். அப்ப களிம்பே போதும், அடுத்த தடவ பாத்துட்டு யோசிக்கலாம்னுட்டாங்க." இரண்டு என்று கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை நீ குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டபோது அந்த நிம்மதி போய்விட்டது. வகிட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி இல்லை, முடி முளைக்கிற துளையும் இல்லை, வழவழவென்று பளபளத்தது. அதைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி சிவப்பு. நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளைதான் அவர் பாட்டுக்குச் சொன்னார்: "ஹெல்மெட் போட்டா தலை தீயா எரியுதுன்னு ஸ்கூட்டி ஓட்டறதையே விட்டுட்டா அத்தை. ரெண்டு பஸ் மாறித்தான் ஆபீஸ் போறா." உடனே மேசைக்கு அடியில் உன் கை அவர் தொடைப் பக்கம் போனது. அவர் முகம் ஒரு கணம் சுளித்தது, பிறகு "பொரியல் நல்லாருக்கு அத்தை" என்றார். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தக் கை எங்கே, யாரிடம் பழகியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோயிலின் பே கோபுரத்துக்குப் பக்கத்தில் நாம் குடியிருந்த மாடி வீடு உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ நாலாம் வகுப்பு. காலையில் முதலில் உனக்கு இரட்டைச் சடை, பிறகுதான் எனக்கு. உன் ரிப்பனை நான் பல்லில் கடித்துக்கொண்டு பின்னுவேன், நீ இட்லியை வாயில் அடக்கிக்கொண்டு எட்டாம் வாய்ப்பாடு சொல்வாய், ஏழெட்டு எவ்வளவு என்பதில் மாட்டிக்கொள்வாய். அப்பா டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று "ஒன்பது மணி டவுன் பஸ் போயிடுச்சுன்னா என்னக் கேக்கக் கூடாது" என்பார். ஞாயிற்றுக்கிழமை என் முறை. தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்தால், முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி நீ என் தலையைப் பிரிப்பாய். அப்போது எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அதில் உனக்கு என்னைவிடப் பெருமை. ஈர முடியைத் தூக்கி உன் தோளில் போட்டுக்கொண்டு, "இது என்னுது" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டுவாய். அந்த வெயிலும் அந்தச் சீயக்காய் வாசனையும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

என் தலையில் அதை முதலில் பார்த்ததும் நீதான். "அம்மா, இங்க கோலிகுண்டு அளவு முடியே இல்ல. சுத்தி செவப்பா இருக்கு" என்றாய். எனக்கு அங்கே ஏற்கெனவே அரித்துக்கொண்டுதான் இருந்தது, பொடுகு என்று விட்டிருந்தேன். அப்புறம் அவரவர் ஒன்று சொன்னார்கள். சின்ன வெங்காயச் சாறு தேய் என்றார்கள், கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சு என்றார்கள், கோயிலில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்றார்கள். மொட்டையைத் தவிர எல்லாம் செய்தேன். வெங்காயச் சாறு பட்ட இடம் திகுதிகுவென்று எரிந்தது, எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படியே எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதத்தில் போன முடி போனதுதான்.

செங்கம் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த தோல் டாக்டரிடம் கடைசியில் போனோம். அவர் மெதுவாகப் பேசுகிற மனுஷர். லென்ஸ் வைத்த சின்ன விளக்கால் வெகு நேரம் பார்த்தார், ஓரத்து முடியில் கொஞ்சத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், தழும்பை அளந்து போட்டோ எடுத்துக்கொண்டார். "இது சாதாரண முடி கொட்டறது இல்லம்மா. வேர்ல வீக்கம் வந்து அந்த எடமே தழும்பாயிடுது. தழும்பான எடத்துல திரும்ப வராது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம், அதுக்குத்தான் வைத்தியம்" என்றார். மாத்திரை, களிம்பு, மாதம் ஒரு முறை தலையிலேயே ஊசி. ஒவ்வொரு தடவையும் அரிப்பு, எரிச்சல், வலி மூன்றையும் தனித்தனியாகக் கேட்பார். துளிகூட இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. நான் சொல்கிற எண்ணை வைத்தும் லென்ஸில் தெரிவதை வைத்தும்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார். நேரான ஏற்பாடுதான். அதைக் கோணலாக்கியவள் நான்.

டாக்டரிடம் போகிற நாள் என்றால் காலையிலேயே தலைக்குக் குளித்துவிடுவேன். பெரிய மனுஷர் கையை வைத்துப் பார்க்கிற தலை, அழுக்கும் செதிலுமாக நீட்டினால் என்ன நினைப்பார் என்று சீயக்காய் போட்டுப் பரபரவென்று தேய்த்து, வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் நகத்தால் எடுத்துவிட்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு போவேன். விருந்தாளி வருகிறார்கள் என்று வீட்டைக் கூட்டி வைப்பது போலத்தான். அந்தச் செதிலைப் பார்த்துத்தான் வேர் எவ்வளவு கொதிக்கிறது என்று அவர் கணக்குப் போடுவார் என்பது எனக்குத் தெரியாது. எத்தனை என்று கேட்டால் "மூணு டாக்டர்" என்பேன். அவர் "பரவால்லியே, நல்லா கொறையுதே" என்பார். எனக்குப் பரீட்சையில் பாஸ் ஆன சந்தோஷம். அவர் இவ்வளவு பாடுபடுகிறாரே, எட்டு என்று சொன்னால் அவர் வைத்தியத்தையே குறை சொன்ன மாதிரி ஆகாதா என்று ஒரு கூச்சம். ஜாஸ்தி சொன்னால் ஜாஸ்தி ஊசி போடுவாரோ என்ற பயமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இத்தனைக்கும் என் வேலை என்ன? திங்கட்கிழமை வருகிற மனுக்களைப் படித்து, எது அவசரம், எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஒரு வரியில் குறித்து அனுப்புவது. ஒரு தடவை ஒரு கிராமத்து அம்மா வந்தாள். மனுவில் "மழையால் சுவர் சற்று பழுது" என்று இருந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்தால், ஒரு பக்கச் சுவர் மொத்தமாக விழுந்து, பிள்ளைகளோடு மாட்டுக் கொட்டகையில் படுக்கிறாளாம். "சற்று பழுதுன்னா யாரும்மா வந்து பாப்பாங்க? வீடு விழுந்துடுச்சுன்னு எழுது" என்று சத்தம் போட்டேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பெரியவங்ககிட்ட வந்து கஷ்டத்த அப்பிடியே கொட்டுனா நல்லாவா இருக்கும்மா?" என்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நானே மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா மூடியைக் கொண்டைக்குள் விட்டுச் சொறிந்துகொண்டும் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸ் போகும் முன் கோயிலுக்குப் போவேன் அல்லவா, உண்ணாமுலை அம்மன் முன்னால் நிற்கும்போது மட்டும் எதையும் குறைக்க மாட்டேன். தாயே, நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது, தலையணையில் தலை வைக்க முடியவில்லை, எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது என்று அழுவேன். அம்மனிடம் பத்து, டாக்டரிடம் மூன்று. அம்மன் மருந்துச் சீட்டு எழுத மாட்டாள் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை.

அந்த வருஷம் முழுப் பரீட்சை லீவில் ஒரு நாள் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் வழக்கம்போல் கேட்டார், நான் வழக்கம்போல் மூன்று என்றேன். நீ நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே, "மூணு இல்ல அங்கிள். அம்மா சாதம் வடிக்கும்போதுகூட கரண்டிக் காம்பால சொறியறாங்க. ஒருக்களிச்சுத்தான் படுக்கறாங்க. நான் தலைல கை வெச்சாலே அம்மா அழறாங்க" என்றாய். நான் சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியில் கையை விட்டு உன் தொடையில் கிள்ளினேன். சும்மா இல்லை, திருகிக் கிள்ளினேன். உன் கண் அப்படியே நிரம்பியது, ஆனால் நீ கத்தவில்லை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொழந்த, ஏதோ சொல்லுது. மூணுதான் டாக்டர்" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார், பிறகு ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரையையும் பாதியாகக் குறைத்தார். வெளியே வந்து ரோட்டோரத்திலேயே உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "வீட்டு விஷயத்த ஊரெல்லாம் தண்டோரா போடுவியா? ஒன்ன யாரு கேட்டா?" என்றேன். வீட்டுக்கு வரும்வரை நீ வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை. கூப்பிட்டதற்கு "படிக்கணும்மா" என்றாய். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நீ என் தலையைப் பார்க்க வரவில்லை.

மருந்து குறைந்த நாலு மாதத்தில் கோலிகுண்டு உள்ளங்கை ஆனது. முன்வகிடு வரைக்கும் வந்துவிட்டது. எது அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது தெரியுமா? ஒரு மோட்டார். இரண்டு நாள் மோட்டார் ஓடவில்லை, தலைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. டாக்டர் நாளைத் தள்ளவும் மனசில்லாமல் முக்காடு போட்டுக்கொண்டு, கூனிக் குறுகிப் போய் உட்கார்ந்தேன். லென்ஸை வைத்து ஓரம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். "இது மூணு இல்லம்மா" என்றார். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "செவப்பு எனக்குத் தெரியும். செதில் தெரியும், அதையும் நீங்க கழுவிட்டு வந்துட்டிருக்கீங்கன்னு இன்னிக்குத்தான் புரியுது. எரிச்சல் எந்த லென்ஸ்லயும் தெரியாதும்மா, அத நீங்கதான் சொல்லணும். நீங்க மூணுன்னு சொன்னதாலதான் நான் ஊசிய நிறுத்துனேன்." பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு ஒங்க பொண்ணு சொன்னத நானாவது கேட்டிருக்கணும்" என்றார். என்னால் அந்த மனுஷர் தலைகுனிந்தார், அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அன்றைக்கு அவர் எனக்கு எண் சொல்லக் கற்றுக்கொடுத்தார், அதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். அரிப்பு இருப்பதே மறந்து வேலை செய்கிறாயா, அது ஒன்றோ இரண்டோ. அடிக்கடி ஞாபகம் வருகிறது, ஆனாலும் வேலை நடக்கிறது என்றால் நாலு, ஐந்து. அதற்குப் பயந்து ஒரு வேலையையே விட்டுவிட்டாய் என்றால் ஏழுக்குக் குறையாது. தூக்கம் போகிறது என்றால் அதற்கும் மேலே. டாக்டர் எதிரில் போய் உட்கார்ந்து யோசிக்காதே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்கெல்லாம் உடம்பு தானாகச் சரியாகிவிடும். தினமும் ஒரே நேரத்தில் காலண்டரில் குறித்து வை. டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின இரண்டு நாள் தலைக்குக் குளிக்காதே, எண்ணெயும் வைக்காதே. எண் குறைந்தாலும் போட்டோவும் அளவும் எடுக்கச் சொல், சில பேருக்கு அரிப்பு அடங்கியிருக்கும்போதே உள்ளே வேலை நடக்குமாம். இப்போது நீயே சொல், ஸ்கூட்டி என்றால் உயிரை விடுகிறவள் அதை நிறுத்திவிட்டு இரண்டு பஸ் மாறுகிறாய். இது இரண்டா?

அன்றைக்குப் பிறகு உண்மையைச் சொன்னேன், மருந்து கூடியது, ஒன்றரை வருஷத்தில் அடங்கியது. மிச்சம் இருந்த முடியை இத்தனை வருஷம் வைத்து ஓட்டிவிட்டேன். உள்ளங்கை அளவு போனது, எனக்கு முடி போனதில் இப்போது துக்கம் இல்லை. உன் வாயை நான் மூடியதில்தான் துக்கம். கீழே விழுந்து முட்டி பெயர்ந்தபோதும் "ஒண்ணுமில்ல" என்றாய். காலேஜில் காய்ச்சலோடு பரீட்சை எழுதிவிட்டு வந்து "லேசாத்தான் இருந்துச்சு" என்றாய். நானும் பொறுமைசாலிப் பெண் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அன்றைக்கு அந்த அறையில் இருந்த மூன்று பேரில் உண்மை பேசியது நீ ஒருத்திதான். அதற்குத்தான் உன்னைக் கிள்ளினேன். என்னை மன்னித்துவிடு. பெற்றவள் பிள்ளையிடம் கேட்கலாமா என்று அப்பா கேட்பார், கேட்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கார்த்திகைக்குப் பிறகு எனக்கும் காதுக்கு மேலே மறுபடி எரிய ஆரம்பித்திருக்கிறது. உனக்கே இப்படி இருக்கும்போது என் கதை எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் இல்லை. நேற்றுக் காலை குளிக்காமல், பூ வைக்காமல், அந்த டாக்டரிடம் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது, வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். "எத்தனைம்மா?" என்றார். வாயில் மூன்று வந்துவிட்டது, பழக்கம். விழுங்கிவிட்டு "ஏழு" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை, ஏழு என்று எழுதிக்கொண்டு விளக்கை எடுத்தார். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார். அந்த மாத்திரை சில பேருக்குக் கண்ணைப் பாதிக்குமாம், அதனால் முதலில் கண் பரிசோதனை செய்யச் சொல்லி அதுவும் நேற்றே முடிந்தது. உனக்கும் எனக்கும் ஒரே நோய் வந்ததைக் கேட்டேன். "பரம்பரைன்னு உறுதியாச் சொல்ல முடியாது, சில குடும்பத்துல வரும்" என்றார். நோயை நான் கொடுத்தேனோ என்னவோ, ரெண்டு என்று சொல்லுகிற வாயை நான்தான் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை உனக்கு டாக்டரம்மாவைப் பார்க்கிற நாள், சாயங்காலம் நாலரை மணி என்று மாப்பிள்ளை சொன்னார். அவரைக் கோபிக்காதே, நான்தான் தனியாகக் கேட்டேன். காலை பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். "எதுக்கும்மா அலையற" என்று ஆரம்பிக்காதே, டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் உன்கூட வருகிறேன். டாக்டர் அறைக்குள் வர மாட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அம்மா பயந்துவிடுவாளே என்று நீ எண்ணைக் குறைத்துவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். நீ மட்டும் உள்ளே போ, கதவைச் சாத்திக்கொள். எத்தனை சொன்னாய் என்று வெளியே வந்த பிறகு நான் கேட்க மாட்டேன். டாக்டரம்மாவிடம் முழுசாகச் சொல்லிவிட்டு வா.

அம்மா